லைக் 3,100, ஓடர் மூன்று

முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையில் இருந்து ஓர் அக்கா, இணையத்தளம் செய்து கொடுக்கிற எனக்கு எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது. பெயரையும் கடைப் பெயரையும் எடுத்துவிட்டேன். ஊரை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன், ஏனென்றால் பதிலில் ஊருக்கும் வேலை இருக்கிறது. ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு, புழுக்கொடியல் அவித்துக் காயவைத்தது.

"தம்பி, நான் வீட்டில வைச்சு ஒடியல் மா, புழுக்கொடியல், குரக்கன் மா, கறித்தூள் செய்து விக்கிறன். என்னோட இரண்டு பொம்பிளையள் வேலை செய்யினம். 2021 இல என்ர பெறாமகன் பேஸ்புக்கில ஒரு பக்கம் திறந்து தந்தவன். 3,100 லைக் இருக்கு. அவன் போன வருசம் கட்டாருக்குப் போயிட்டான். அதுக்குப் பிறகு பக்கத்தில ஒருத்தரும் ஒண்டும் போடேல்லை. போன மாதம் அதால வந்த ஓடர் மூண்டே மூண்டு. இப்ப ஒரு கொம்பனி ஆக்கள் வந்து இணையத்தளம், பேஸ்புக், இன்ஸ்ரகிராம் எல்லாம் சேர்த்து 85,000 ரூபா, கூகிளில முதலாவதா வரப் பண்ணுவம் எண்டு சொல்லினம். மகள் உயர்தரம் படிக்கிறாள். அவள் ரிக்ரொக் காணும் எண்டுறாள். காசைக் குடுக்கலாமோ? குடுக்கிறதெண்டால் மாதர் சங்கத்தில கடன் எடுக்கவேணும்."

அன்புள்ள அக்கா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கொடுக்க வேண்டாம். கடன் எடுத்துக் கொடுக்கவே வேண்டாம். சங்கத்தில் கடன் எடுப்பதென்றால் மா அரைக்கும் இயந்திரத்துக்கு எடுங்கள், பொதி ஒட்டும் சீலருக்கு எடுங்கள். அவை வந்த நாளில் இருந்து உழைக்கும். இணையத்தளம் அப்படியில்லை. கவனிக்க ஆளில்லாவிட்டால் அது பூட்டிக் கிடக்கிற கடை, வருடா வருடம் வாடகை மட்டும் கேட்கும். வன்னியில் சின்னக் கடன்கள் எத்தனை வீட்டுப் பெண்களை எப்படி அலைக்கழித்தன என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"கூகிளில் முதலாவதாக வரும்" என்ற பேச்சையும் இதோடு முடித்துவிடுகிறேன். அந்த உறுதியை எவராலும் தர முடியாது என்று கூகிளே எழுதி வைத்திருக்கிறது. இவர்கள் செய்து காட்டப்போவது என்னவென்றால், உங்கள் கடைப் பெயரைத் தட்டிப் பார்ப்பார்கள், அது முதலாவதாக வரும். அதில் என்ன வித்தை? கடைப் பெயரைத் தெரிந்து தட்டுகிறவர் ஏற்கெனவே உங்கள் ஆள். "ஒடியல் மா எங்கே வாங்கலாம்" என்று தட்டினால் வருமா என்று அடுத்த முறை கேட்டுப் பாருங்கள்.

இனி உங்கள் பக்கம். நான் போய்ப் பார்த்தேன். கடைசியாகக் கிடப்பது ஒரு புதுவருட வாழ்த்துப் படம். அதற்குக் கீழே ஒருவர் "கறித்தூள் கிலோ என்ன விலை?" என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. லண்டனில் இருக்கும் ஒருவர், பருத்தித்துறையில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்பி வைப்பீர்களா என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. படலையடியில் நின்று இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன ஆட்கள் இவர்கள். உங்களுக்கு லைக் குறைவில்லை அக்கா, வாசலில் ஆளில்லை. இன்னும் பத்தாயிரம் லைக் சேர்த்தாலும் திரும்பிப் போகிறவர்கள்தான் கூடுவார்கள்.

அந்தப் பக்கம் இப்போதைக்கு உங்களுடையதும் இல்லை. பேஸ்புக்கில் ஒரு பக்கம் என்பது யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் கொழுவித்தான் நிற்கும். உங்களுடையது பெறாமகனின் கணக்கில் நிற்கிறது. அவருடைய கணக்கை ஒருவன் களவெடுத்தால், அல்லது அவருக்கே பேஸ்புக் அலுத்துப்போய் மூடிவிட்டால், நான்கு வருட உழைப்பும் அதோடு போகும். அவரில் பிழை சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் செய்து தந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் பாதிக் கடைகளின் பக்கங்கள் இப்படித்தான் கட்டாரிலும் பிரான்சிலும் இருக்கின்றன.

திருத்துவது சுகம். உங்கள் பெயரில் ஒரு பேஸ்புக் கணக்கு இருக்கவேண்டும். அவர் அங்கே இருந்தபடியே பக்கத்தின் அமைப்புகளுக்குள் போய், "பக்க அணுகல்" என்ற இடத்தில் உங்களைச் சேர்த்து, முழுக் கட்டுப்பாடு தரவேண்டும். உங்களுக்கு ஓர் அழைப்பு வரும், அதை ஏற்றால் சரி. அவரை நீக்கவேண்டாம். முழுக் கட்டுப்பாடு இரண்டு பேரிடம் இருப்பது நல்லது, ஒருவருக்கு ஏதும் நடந்தால் மற்றவர் உள்ளே போகலாம். பிறகு இரண்டு பேரும் இருபடிப் பாதுகாப்பைப் போடுங்கள், அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கிற பூட்டு. "உங்கள் பக்கம் விதியை மீறிவிட்டது, இன்றே மூடப்படும், இங்கே அழுத்துங்கள்" என்று பேஸ்புக்கின் தாய்க் கொம்பனியான மெட்டாவின் பெயரில் மெசேஜ் வரும். வராமல் இருக்காது. அழுத்தவேண்டாம். போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டையும் எவருக்கும் சொல்லவேண்டாம், கோயில் ஐயர் கேட்டாலும்.

பெயரிலும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. நீங்கள் வைத்திருப்பது அம்மன் பெயர். வடக்குக் கிழக்கு முழுக்க அதே பெயரில் மாமில்லும் சைக்கிள் கடையும் சலூனும் உண்டு. பெயரை மாற்றவேண்டாம், அம்மனுக்கும் ஆகாது, ஆனால் பின்னால் "முள்ளியவளை" என்று சேர்த்துவிடுங்கள். பொதியிலும் பக்கத்திலும் வட்ஸ்அப்பிலும் அதே எழுத்து, அதே படம். வெளிநாட்டில் இருக்கிற ஒருவருக்கு உங்கள் கடைப் பெயரை விட அந்த ஊர்ப் பெயர் கெதியாக மனதில் தைக்கும்.

ரிக்ரொக்கா, பேஸ்புக்கா, இணையத்தளமா என்று மகளும் நீங்களும் கொம்பனிக்காரரும் மூன்று பக்கமாக இழுக்கிறீர்கள். நான் அதை இப்படிப் பார்க்கிறேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நீங்கள் கடை போட்டிருப்பீர்கள், அல்லது போட்டவர்களைப் பார்த்திருப்பீர்கள். வைகாசித் திங்களில் அங்கே கூடுகிற சனம் எங்கள் பக்கத்தில் வேறெங்கும் கூடாது. யாவாரி அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் இரண்டு நாள் கழித்துப் போனால் வெறும் வெளி. அன்று உங்களிடம் புழுக்கொடியல் வாங்கிக் கடித்துப் பார்த்துப் பிடித்துப்போன ஒருவர், ஆடி மாதத்தில் இன்னும் ஒரு கிலோ வேண்டுமென்று நினைத்தால் உங்களை எங்கே தேடுவார்? பொதியில் தொலைபேசி இலக்கம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பேஸ்புக், ரிக்ரொக் எல்லாம் அந்தக் கோயில் வீதிதான். சனம் அங்கேதான் நிற்கிறது. வீதி உங்களுடையதல்ல.

இது வெறும் உவமை இல்லை. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் கலவரம் நடந்தபோது அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் ஒரு வாரம் அளவில் நிறுத்தி வைத்தது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகும் நிறுத்தியது, மாதக் கடைசியில்தான் திறந்தது. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலத்தில், மறுபடி ஒரு தடை. ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டார்கள். 2021 ஒக்ரோபர் 4 ஆம் திகதி இரவு ஒருவரும் தடுக்கவில்லை. அவர்களுடைய சொந்தக் கோளாறால் பேஸ்புக், இன்ஸ்ரகிராம், வட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க ஆறு மணித்தியாலம் அளவில் படுத்தன. கூகிளும் குறைந்த ஆளில்லை. வணிகப் பதிவோடு சேர்த்து ஓர் இலவச இணையத்தளம் தந்துகொண்டிருந்தார்கள். 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். கிளிநொச்சியில் இரண்டு மூன்று கடைகளுக்கு அதை நான்தான் செய்து கொடுத்தேன். பிறகு அந்த முதலாளிமாருக்கு முன்னால் போய் நின்று விளக்கம் சொன்ன நாட்களை நினைக்க விருப்பமில்லை.

அதனால் முதல் முதலீடு ஒரு சீ.ஆர். கொப்பி. சிரிக்கவேண்டாம். வாங்குகிறவரின் பெயர், இலக்கம், ஊர், என்ன வாங்கினார், எப்போது. புதுச் சரக்கு வந்தால் தகவல் அனுப்பலாமா என்று ஒரு வார்த்தை கேட்டு, சரி என்றவருக்கு ஒரு புள்ளடி. பேஸ்புக் நாளைக்கே படுத்தாலும் அந்தக் கொப்பி உங்களோடு இருக்கும். 3,100 லைக்கை விட, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய நூறு பேரின் இலக்கம் பெறுமதி. அந்தப் பெயர்களை வேறு ஒருவருக்கும் கொடுக்கவேண்டாம். தனிப்பட்டவரின் தகவல்களைப் பாதுகாக்க 2022 இல் சட்டமும் வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், ஊரில் கதை பரவினால் காணும்.

இரண்டாவது வட்ஸ்அப். சாதாரண வட்ஸ்அப் இல்லை, வட்ஸ்அப் பிஸ்னஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது, இலவசம். ஒரே இலக்கத்தை இரண்டிலும் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. ஆகவே கடைக்கென்று ஒரு புது சிம் எடுத்து அதில் போடுங்கள், வீட்டு இலக்கம் வீட்டுக்கு இருக்கட்டும். இரவு பதினொரு மணிக்குக் கண்டவன் எல்லாம் "ஹாய்" போடுகிற தொல்லை பெண் யாவாரிகளுக்குத்தான் கூட. இலக்கம் வேறாக இருந்தால் அதை மூடி வைத்துவிட்டுப் படுக்கலாம்.

அதற்குள் "கற்றலொக்" என்று ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் நான்கு சாமானையும் படம், நிறை, விலையோடு அதில் ஏற்றிவிடுங்கள். யாராவது "என்ன இருக்கு?" என்றால் அந்த இணைப்பை அனுப்பினால் முடிந்தது. விரைவுப் பதில் என்று இன்னொன்று: "யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவீங்களோ", "எத்தனை நாள் வைச்சுப் பாவிக்கலாம்" என்று தினமும் வருகிற கேள்விகளுக்கு ஒருமுறை ஆற அமர எழுதிவைத்துவிட்டால், பிறகு ஒரு தட்டில் போகும். மாவில் கை இருக்கும்போது முழுப் பந்தி எழுத ஒருவராலும் முடியாது. நீங்கள் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் பதிலையும் போடலாம். அதில் "விரைவில் தொடர்புகொள்வோம்" என்று எழுதவேண்டாம், அந்த வசனத்தை நம்புகிறவர் இல்லை. "பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு பதில் போடுவம்" என்று எழுதுங்கள், ஐந்து மணிக்குப் போடுங்கள்.

இலக்கத்தைக் கொடுக்கும் இடமெல்லாம் முன்னால் இருக்கும் சைபரை எடுத்துவிட்டு +94 ஐப் போட்டே கொடுங்கள். ரொறன்ரோவில் இருப்பவர் அப்படியே தட்டலாம். புதுச் சரக்கு வந்தால் பலருக்கு ஒரேயடியாக அனுப்பும் வசதி உண்டு, ஒரு பட்டியலில் 256 பேர் வரை. ஒரு சூட்சுமம்: தன் போனில் உங்கள் இலக்கத்தைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஆகவே பொதியைக் கொடுக்கும்போதே "நம்பரைச் சேவ் பண்ணி வையுங்கோ" என்று வாயால் சொல்லவேண்டும். குழுமம் தொடங்கி ஆட்களைக் கேட்காமல் சேர்க்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். அரைவாசிப் பேர் விலகுவார்கள், மற்ற அரைவாசிப் பேர் சத்தத்தை நிறுத்திவைப்பார்கள்.

விலை. எங்கள் ஆட்களிடம் ஒரு வியாதி இருக்கிறது, "விலைக்கு இன்பொக்ஸ் பண்ணவும்" என்பது. பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரியக்கூடாதாம். அவருக்கு ஏற்கெனவே தெரியும், அக்கா. தெரியாமல் இருப்பது வாங்க வந்தவருக்குத்தான். கேட்க வெட்கப்படுகிறவர், கேட்டுவிட்டு வாங்காமல் போனால் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்கிறவர், எல்லோரும் பேசாமல் போய்விடுவார்கள். நிறை, விலை, அனுப்பும் செலவு மூன்றையும் வெளியில் போடுங்கள்.

படத்துக்கு ஆள் பிடிக்கவேண்டாம். காலை வெயில் ஏறமுன் விறாந்தையில் ஒரு சுளகில் ஒடியலைப் பரப்பி, போனை நேரே மேலே பிடித்து எடுங்கள். அது காணும். ஒரே படத்துக்குள் பத்துச் சாமான், தாமரைப் பூ, ஐந்து வித எழுத்து என்று பிரிண்டிங் கடையில் செய்து தருவார்களே, அது வேண்டாம். இணையத்தில் யாரோ எடுத்த மிளகாய்த்தூள் படத்தை இறக்கிப் போடவும் வேண்டாம். பொதி வந்த பிறகு நிறம் வேறாக இருந்தால் முதல் சண்டை அங்கேதான்.

மகள் சொல்லும் ரிக்ரொக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. உங்கள் தொழில் வீடியோவுக்கென்றே பிறந்தது. ஆவணியில் விழுந்த பனங்காயின் கொட்டை பாத்திக்குள் போய், தை மாசியில் கிழங்காகக் கிண்டுப்பட்டு, நடுவால் கிழிபட்டு, பாயில் காய்ந்து ஒடியலாகிறது. ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை இதைக் கண்டதே இல்லை. அந்தப் பிள்ளையின் தாய் கண்டு இருபத்தைந்து வருடம். பாத்தி கிண்டுகிற நாற்பது செக்கன் வீடியோ, பாட்டு வேண்டாம், மண்வெட்டிச் சத்தமும் நீங்கள் கதைக்கிற சத்தமும் காணும். அதையே பேஸ்புக்கிலும் போடலாம், இன்ஸ்ரகிராமிலும் போடலாம், தனித்தனியாக எடுக்கத் தேவையில்லை. மகளின் முகம் வேண்டாம். உங்கள் முகமும் விருப்பமென்றால் மட்டும். கை வேலை செய்வதுதான் பார்க்க வடிவு, கையை மட்டும் காட்டும் வீடியோவுக்குக் கீழே வந்து கண்டபடி கொமென்ற் எழுதுகிறவர்களும் குறைவு. மகளுக்குச் சோதனை நெருங்கினால் இந்த வேலையை அவளிடம் இருந்து எடுத்துவிடுங்கள். கிழமைக்கு இரண்டு பதிவு, அதுவும் சொன்ன நாளில் ஒழுங்காக வந்தால், தினமும் ஒரு "காலை வணக்கம்" படத்தை விட எவ்வளவோ மேல்.

நேரத்தையும் பார்த்துப் போடுங்கள். இங்கே காலை ஆறு மணி என்றால் கோடை காலத்தில் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு எட்டரை. சாப்பிட்டுவிட்டுப் போனோடு இருக்கிற நேரம். லண்டன் ஆட்களுக்கு இங்கே இரவு பதினொரு மணி, அங்கே பின்னேரம் ஆறரை. அங்கே குளிர்காலம் வந்தால் இரண்டிலும் ஒரு மணித்தியாலம் குறையும். விழித்திருக்கத் தேவையில்லை. பக்கத்தில் நேரம் குறித்து வைத்துவிட்டால் அது தானாகப் போகும்.

வெளிநாட்டு ஆட்கள் என்றதும் வெளிநாட்டுக்கு அனுப்புவது என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பாட்டுச் சாமானுக்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு சட்டம், அதைப் பிறகு பார்க்கலாம். உங்களுக்குக் கிட்ட இருக்கும் வாடிக்கையாளர், லண்டனில் இருந்து காசு போட்டு "பருத்தித்துறையில் இருக்கிற அம்மாவுக்குக் குடுங்கோ" என்கிற அந்த ஆள். அவருக்கு வேண்டியது மா மட்டும் இல்லை, போய்ச் சேர்ந்தது என்ற உறுதி. பொதியைக் கட்டியதும் ஒரு படம், அனுப்பிய பற்றுச்சீட்டின் படம், அம்மாவின் கையில் கிடைத்ததும் ஒரு மெசேஜ். இந்த மூன்றையும் தவறாமல் செய்தால், அடுத்த தைப்பொங்கலுக்கு அவரே தன் தங்கச்சிக்கும் சேர்த்து ஓடர் போடுவார். நீங்கள் பதில் போடாமல் விட்டது இந்த ஆளுக்குத்தான். இன்றைக்கென்றாலும் "பிந்திப் பார்த்ததுக்கு மன்னிக்கவும் அண்ணா" என்று எழுதுங்கள்.

காசு விடயத்தில் ஒரு எச்சரிக்கை. வங்கியில் போட்ட சிலிப்பின் படத்தை அனுப்புவார்கள். படத்தைத் திருத்துவது இப்போது சின்னப்பிள்ளை வேலை. கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்த பிறகே பொதி வெளிக்கிடவேண்டும், சொந்தக்காரர் என்றாலும். பொதி கிடைத்ததும் காசு என்ற முறையில் கூரியரில் அனுப்பலாம், புது ஆட்களுக்கு அதில்தான் நம்பிக்கை. ஆனால் வாங்காமல் திருப்பிவிட்டால் போய்வந்த செலவு உங்கள் தலையில். முதல் ஓடருக்கு அனுப்பும் செலவை மட்டும் முன்கூட்டியே வாங்குங்கள், விளையாட்டுக்கு ஓடர் போடுகிறவன் அங்கேயே நின்றுவிடுவான்.

கூகிள் வரைபடத்தில் கடையைப் பதிவது இலவசம், அதற்கு ஒருவருக்கும் காசு கொடுக்கவேண்டாம். "கூகிளில் இருந்து கதைக்கிறம்" என்று போனில் வருபவருக்கும்தான். பதிந்த பிறகு பெரும்பாலும் ஒரு வீடியோ கேட்பார்கள்: தெரு, பெயர்ப்பலகை, உள்ளே வேலை செய்யும் இடம், மூன்றும் ஒரே ஓட்டத்தில் தெரியவேண்டும். ஆகவே பெயர்ப்பலகை இல்லாவிட்டால் முதலில் அதை அடியுங்கள். சனம் வீட்டுக்கு வந்து வாங்குவது விருப்பமில்லை, கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான் என்றால் விலாசத்தை மறைத்துவிட்டு, எந்த ஊர்களுக்குக் கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் காட்டலாம். நல்ல வாடிக்கையாளர் நான்கைந்து பேரிடம் அதில் இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள். நீங்களே எழுதவேண்டாம், பிள்ளைகளைக் கொண்டும் எழுதுவிக்கவேண்டாம். வாசிக்கிறவனுக்கு விளங்கும்.

இனி இணையத்தளம். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்கிறேன். கொழும்பில் ஒரு கடைக்காரர் மொத்தமாக எடுக்க நினைத்தால், அல்லது ஒரு நிறுவனம் கண்காட்சிக்குக் கூப்பிட நினைத்தால், பேஸ்புக்கைத் தாண்டி ஒரு இடத்தில் உங்களைப் பற்றிச் சரிபார்ப்பார்கள். அப்போது ஒரே ஒரு பக்கம் காணும்: யார், எந்த ஊர், என்ன செய்கிறோம், விலை, வட்ஸ்அப் இணைப்பு. அதோடு, உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில். கூழுக்குப் போடமுன் ஒடியல் மாவை எப்படி ஊறவைத்துக் கசப்பெடுப்பது? புழுக்கொடியலுக்கும் ஒடியலுக்கும் என்ன வித்தியாசம்? இவற்றைத்தான் சனம் கூகிளில் தேடுகிறது. பாதிப் பேர் தமிழ் எழுத்தில் தட்டுகிறார்கள், பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் அதே சொல்லைத் தட்டுகிறார்கள். இரண்டும் அந்தப் பக்கத்தில் இருக்கவேண்டும். நான்கு கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில், கொம்பனிக்காரர் எழுதித் தரும் "தரமே எமது தாரகமந்திரம்" என்ற பந்தியை விடக் கூட வேலை செய்யும்.

இதில் என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தளபாடக் கடைக்குத் தளம் செய்தேன். பிரிண்டிங் கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்ததை அப்படியே படமாக்கிப் போட்டேன். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஒரு வருடம் ஆகியும் கூகிளில் ஒரு சொல்லுக்கும் அது வரவில்லை. படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கூகிள் எழுத்தாக நம்பி எடுப்பதில்லை. பாமினியில் அடித்ததைப் படமாக்காமல் போட்டிருந்தாலும் பிரயோசனமில்லை, எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்கள். யுனிகோட்டில், அதாவது எல்லாப் போனும் கணினியும் பொதுவாக வைத்திருக்கிற எழுத்து முறையில், அடித்த தமிழ்தான் தேடலுக்குப் பிடிபடும். உங்கள் பொதியின் லேபிள் எழுத்தும் அநேகமாகப் பாமினியில்தான் இருக்கும், அதை வெட்டி ஒட்டவேண்டாம். போனில் அடித்தால் அது யுனிகோட்தான்.

காலம் வந்து ஒருவரிடம் தளம் செய்யக் கொடுக்கும்போது கேட்கவேண்டியது விலை மட்டும் இல்லை. டொமெயின், அதாவது தளத்தின் பெயர், யாருடைய பெயரில், யாருடைய மின்னஞ்சலில் பதியப்படும்? உங்கள் பெயரில் என்று எழுத்தில் வாங்குங்கள். காணி வாங்கும்போது உறுதி யார் பெயரில் என்று பார்ப்பீர்கள்தானே, அதே வேலை. அடுத்த வருடம் புதுப்பிக்க எவ்வளவு? விலையை மாற்ற உங்களுக்கே முடியுமா, அல்லது ஒவ்வொரு தடவையும் அவர்களுக்குப் போன் எடுத்துக் காசு கட்டவேண்டுமா? வேறு ஆளிடம் போவதென்றால் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகலாமா? வேர்ட்பிரஸ் மாதிரி எல்லோரும் பாவிக்கிற பொதுவான மென்பொருளில் செய்தால் போகலாம், அவர்களுடைய சொந்தப் பெட்டிக்குள் செய்தால் போக முடியாது. தளத்தின் பெயருக்குப் பின்னால் இலங்கைக்குரிய டொட் எல்கே (.lk) எடுப்பது உங்களுக்குப் பொருந்தும். எங்களுக்குத் தமிழிலேயே புள்ளி இலங்கை (.இலங்கை) என்றும் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் ஆசைதான், ஆனால் அவசரத்தில் ஆங்கிலத்தில் தட்டுகிறவர்தான் கூட. அதை இரண்டாவதாக எடுக்கலாம்.

விளம்பரத்துக்குக் காசு போடுவதையும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். பதில் போடும் ஒழுங்கு வந்த பிறகு, ஆற்றில் போட்டாலும் அளந்து போடுவது போல. ஒரு நல்ல வீடியோ தானாகவே ஓடத் தொடங்கினால் அதற்கு மட்டும் சின்னத் தொகை. லைக் கேட்டுப் போடவேண்டாம், மெசேஜ் வரும்படியான விளம்பரத்தைத் தெரிவுசெய்யுங்கள். லைக் விற்கிறவர்கள் வந்தால் அவர்களுக்கும் கொம்பனிக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

கடதாசி வேலையும் கொஞ்சம் இருக்கிறது. கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் இந்த மாதமே செய்யுங்கள். கடைப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும், பிறகு ஒரு நாள் தளத்தில் அட்டையால் காசு வாங்கவும் அதைத்தான் கேட்பார்கள். லேபிளில் சேர்மானம், நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, விலாசம் சரியாக இருக்கிறதா என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நீங்களே போய்க் காட்டுங்கள். அவர் வரும்வரை பார்த்திருக்கவேண்டாம். இணையத்தில் நாலு பேருக்குத் தெரிந்த பிறகு லேபிளில் பிழை பிடிபட்டால், அதைப் படமெடுத்துப் போடவும் ஆள் இருக்கும்.

இத்தனையையும் ஒரே கிழமையில் செய்யப் போகவேண்டாம். சிம், கொப்பி, வட்ஸ்அப் ஆகியவற்றை இந்த மாதம் பாருங்கள். பனங்கிழங்குக் காலம் தொடங்கமுன் வரைபடப் பதிவு முடிந்திருக்கட்டும், பாத்தி கிண்டும்போது வீடியோ. இணையத்தளத்தை அடுத்த வருடம் கதைப்போம். அப்போது கொப்பியையும் கொண்டுவாருங்கள், எத்தனை பெயர் என்று பார்த்துவிட்டு நான் விலை சொல்கிறேன்.

பெறாமகனுக்கு வெள்ளிக்கிழமை எடுங்கள். கட்டாரில் அன்றைக்குப் பெரும்பாலும் லீவு. எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால், அதனால் காலையில் எடுத்து நித்திரையால் எழுப்பவேண்டாம். மத்தியானத்துக்குப் பிறகு ஆறுதலாக எடுத்து, அவர் போனில் இருக்கும்போதே பக்க அணுகலைச் செய்து முடித்துவிடுங்கள். "பிறகு செய்யிறன் சித்தி" என்று சொல்வார், விடவேண்டாம்.